பிக்கப் டிரக் மாற்று விற்பனை

பிக்கப் டிரக் மாற்று விற்பனை என்பது, ஒருவர் தம்மிடமுள்ள பழைய பிக்கப் டிரக்கை விற்பனை முகவரிடம் ஒப்படைத்து, அதன் மதிப்பைப் புதிய வண்டியின் விலையில் கழித்துக்கொண்டு, எஞ்சிய தொகையைச் செலுத்திப் புதியதை வாங்கும் முறையாகும். ஐக்கிய அமெரிக்காவில் இது டிரேட்-இன் என்று அழைக்கப்படுகிறது. அந்நாட்டில் பிக்கப் டிரக் சரக்கு வண்டியாக மட்டுமன்றிக் குடும்ப வண்டியாகவும், தச்சர், உழவர், குழாய்ப் பணியாளர் போன்றோரின் தொழிற்கருவியாகவும் பயன்படுகிறது. ஆகவே பழைய வண்டியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பது பல குடும்பங்களின் பெரிய பண முடிவுகளுள் ஒன்றாக அமைகிறது.

இக்கேள்வி பெரும்பாலும் கியர்பெட்டி பழுது போன்ற ஒரு பெரிய செலவு வரும்போது எழுகிறது. அப்போது பழுதுச் செலவை வண்டியின் சந்தை மதிப்புடன் ஒப்பிட்டு, மதிப்பை விடச் செலவு மிகுந்தால் வண்டியை மாற்றிவிடுவது பரவலான வழக்கம். இவ்வொப்பீடு எளிதானதாயினும் முழுமையானதன்று. பழைய வண்டியை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதற்கு ஆகும் மொத்தச் செலவையும், அதே காலத்துக்குப் புதிய வண்டியை வைத்திருப்பதற்கு ஆகும் மொத்தச் செலவையும் ஒப்பிடுவதே பொருத்தமான கணக்காகும்.

== பின்னணி ==

போர்டு நிறுவனம் 1925 ஆம் ஆண்டில் தனது டி மாதிரி மகிழுந்தைச் சரக்குத் தளத்துடன் தொழிற்சாலையிலேயே பொருத்தி, 281 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னர் மகிழுந்தின் பின்பகுதியை நீக்கிப் பலகைத் தளம் அமைத்துக்கொள்வதை உழவர்களும் பட்டறைகளும் தாமே செய்துவந்தனர். 1948 மாதிரி ஆண்டில் போர்டு எஃப் வரிசை அறிமுகமானது. 1977 ஆம் ஆண்டு முதல் இவ்வரிசை ஐக்கிய அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் டிரக் வரிசையாக இருந்துவருகிறது.

ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சி மீது வரி விதித்ததற்குப் பதிலடியாக, 1963 டிசம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் இறக்குமதி செய்யப்படும் இலகு ரக டிரக்குகள் மீது 25 விழுக்காடு வரி விதித்தார். கோழி வரி என்று பெயர் பெற்ற இவ்வரி, வெளிநாட்டுச் சிறிய டிரக்குகளின் வரவைக் கட்டுப்படுத்தியது. காலப்போக்கில் அமெரிக்கச் சந்தையில் பெரிய டிரக்குகளே மேலோங்கின. போர்டு ரேஞ்சர் என்ற சிறிய டிரக்கின் அமெரிக்க உற்பத்தி 2011 டிசம்பரில் நிறுத்தப்பட்டு, பின்னர் 2019 மாதிரி ஆண்டில் அளவில் பெரிதாகத் திரும்பியது. இதனால் பழைய சிறிய டிரக்கை வைத்திருப்போர் அதே அளவில் புதியதொன்றைத் தேடினால், தெரிவுகள் குறைவாகவே கிடைக்கின்றன.

புதிய வண்டிகளின் விலையும் உயர்ந்துள்ளது. கெல்லி புளூ புக் நிறுவனத்தின் கணக்கின்படி, 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் விற்ற புதிய வண்டிகளின் சராசரி விலை முதன்முறையாக 50,000 டாலரைக் கடந்தது. எஸ் அண்டு பி குளோபல் நிறுவனத்தின் 2025 ஆம் ஆண்டுக் கணக்கில், அமெரிக்கச் சாலைகளில் ஓடும் மகிழுந்துகள், இலகு ரக டிரக்குகள் ஆகியவற்றின் சராசரி வயது 12.8 ஆண்டுகளாக இருந்தது.

== செலவுக் கூறுகள் ==

=== தேய்மானம் ===

ஒரு வண்டியின் சந்தை மதிப்பு காலத்தோடு குறைவது தேய்மானம் எனப்படும். புதிய வண்டியை வைத்திருப்பதில் பெரும்பாலும் இதுவே மிகப் பெரிய செலவாகும். ஆனால் இதற்கென மாதந்தோறும் பற்றுச்சீட்டு எதுவும் வருவதில்லை. வண்டியை விற்கும் நாளில்தான் இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. தேய்மானம் முதல் சில ஆண்டுகளில் மிகுதியாகவும், பின்னர் படிப்படியாகக் குறைந்தும் காணப்படும். 15 ஆண்டுப் பழைய வண்டியின் தேய்மானத்தை அதன் உரிமையாளர் ஏற்கெனவே ஏறக்குறைய முழுதும் சுமந்துவிட்டார். எனவே பழைய வண்டியின் செலவு பழுதுச்சீட்டுகளாக வெளிப்படையாகவும், புதிய வண்டியின் செலவு மதிப்பிழப்பாக மறைவாகவும் வருகின்றன. பழைய வண்டியே மிகுதியாகச் செலவு வைக்கிறது என்ற எண்ணம் தோன்ற இது ஒரு முக்கியக் காரணமாகும்.

=== முன்பு செய்த செலவு ===

சென்ற ஆண்டு புதிய டயர்களுக்கும் பிரேக்குகளுக்கும் செய்த செலவு திரும்பப் பெற முடியாதது. அவ்வளவு செலவு செய்துவிட்டோம் என்ற காரணத்துக்காக வண்டியை வைத்துக்கொள்வதும், அவ்வளவு செலவு வைத்துவிட்டதே என்ற சினத்தால் அதை விற்பதும் ஒரே வகைப் பிழைகளாகும். எனினும் அச்செலவால் கிடைத்த பயன் கணக்கில் சேரும். புதிதாக மாற்றிய டயர்களுக்கு அடுத்த சில ஆண்டுகள் மீண்டும் செலவிட வேண்டியதில்லை.

=== எரிபொருள் ===

அமெரிக்காவில் எரிபொருள் சிக்கனம், ஒரு கேலனுக்கு ஓடும் மைல்களில் குறிக்கப்படுகிறது. ஒரு கேலன் ஏறத்தாழ 3.785 லிட்டர், ஒரு மைல் ஏறத்தாழ 1.609 கிலோமீட்டர். ஆண்டுக்கு 12,000 மைல் ஓடும் டிரக், கேலனுக்கு 15 மைல் தந்தால் 800 கேலன் எரிபொருள் கொள்ளும். 20 மைல் தந்தால் 600 கேலன் கொள்ளும். மிச்சம் 200 கேலன். அதே தொலைவுக்கு 30 மைலிலிருந்து 35 மைலாக உயரும் வண்டியில் மிச்சம் 57 கேலன் மட்டுமே. இரண்டிலும் உயர்வு 5 மைல்தான் என்றாலும், மிகுதியாக எரிபொருள் குடிக்கும் வண்டியை மாற்றும்போதே மிச்சம் பெரிதாகிறது. ஆனால் கேலன் 3.25 டாலர் என்று கொண்டால் 200 கேலனின் விலை ஆண்டுக்கு 650 டாலர். புதிய டிரக்கின் ஒரு மாதத் தவணைக்கு ஏறக்குறைய இணையான தொகையே இது.

=== வட்டி, வரி, காப்பீடு ===

புதிய வண்டி பெரும்பாலும் கடனில் வாங்கப்படுவதால் வட்டியும் செலவில் சேரும். கடன் உள்ளவரை விபத்துச் சேதத்துக்கான முழுக் காப்பீட்டைக் கடன் வழங்குவோர் கோருவது வழக்கம். பழைய வண்டியின் உரிமையாளரோ, மாநிலச் சட்டம் கோரும் அளவுக்கு மட்டும் காப்பீட்டைக் குறைத்துக்கொள்ள இயலும். அவ்வாறு செய்தால் வண்டியின் இழப்பை அவரே தாங்க வேண்டிவரும்.

விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. டெக்சாசில் பழைய வண்டியின் மதிப்பைக் கழித்த பின் எஞ்சும் தொகைக்கே 6.25 விழுக்காடு வரி கணக்கிடப்படுகிறது. கலிபோர்னியாவில் முழு விலைக்கும் வரி உண்டு.

== எடுத்துக்காட்டுக் கணக்கு ==

கீழுள்ள எண்கள் கணக்கிடும் முறையை விளக்குவதற்காகக் கொள்ளப்பட்டவை. பழைய டிரக்கின் கியர்பெட்டி பழுதாகியுள்ளது. சீர்செய்ய 4,500 டாலர் ஆகும். சீர்செய்யாத நிலையில் முகவர் அதற்கு 5,000 டாலர் தருகிறார். அதைக் கொடுத்து 45,000 டாலர் விலையுள்ள புதிய டிரக்கை 7 விழுக்காடு வட்டியிலோ, 28,000 டாலர் விலையுள்ள நான்கு ஆண்டுப் பழைய டிரக்கை 9 விழுக்காடு வட்டியிலோ வாங்கலாம். கடன் காலம் 5 ஆண்டுகள். விற்பனை வரி, விலை வேறுபாட்டின் மீது 6 விழுக்காடு. ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டம். எரிபொருள் விலை கேலனுக்கு 3.25 டாலர், பழைய டிரக் கேலனுக்கு 15 மைலும் மற்ற இரண்டும் 20 மைலும் தருகின்றன.

| 5 ஆண்டுச் செலவு (டாலர்) | பழையதை வைத்திருத்தல் | நான்கு ஆண்டுப் பழையது | புதியது |
|---|---|---|---|
| தேய்மானம் | 2,000 | 13,000 | 20,000 |
| உடனடிப் பழுது | 4,500 | 0 | 0 |
| பராமரிப்பு | 9,000 | 5,500 | 3,000 |
| எரிபொருள் | 13,000 | 9,750 | 9,750 |
| காப்பீடு | 5,000 | 7,000 | 8,500 |
| வட்டி | 0 | 5,650 | 7,500 |
| விற்பனை வரி | 0 | 1,380 | 2,400 |
| மொத்தம் | 33,500 | 42,280 | 51,150 |

இக்கணக்கில் பழுதுச் செலவு வண்டியின் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்காக இருந்தும், சீர்செய்து ஓட்டுவதே 17,650 டாலர் குறைவாக அமைகிறது. புதிய வண்டியால் எரிபொருளிலும் பராமரிப்பிலும் பழுதிலும் மிச்சமாகும் 13,750 டாலரை, அதன் தேய்மானம் மட்டுமே விழுங்கிவிடுகிறது.

இதே கணக்கை மறுபுறமிருந்தும் பார்க்கலாம். இரு செலவுகளும் சமமாக வேண்டுமானால், பழைய வண்டி ஆண்டுக்கு மேலும் 3,530 டாலர் செலவு வைக்க வேண்டும். வார இறுதிகளில் மட்டும் வண்டி ஓட்டுபவருக்கு இது எளிதில் நேர்வதன்று. ஆனால் வண்டி நின்றால் நாளொன்றுக்கு 350 டாலர் வருவாய் இழக்கும் தச்சருக்கு, ஆண்டில் பத்து நாட்கள் வண்டி பட்டறையில் நின்றாலே அத்தொகை கரைந்துவிடும். ஒரே வண்டி, ஒரே பழுது, ஒரே விலை ஆயினும் இருவருக்கும் விடை மாறுபடுகிறது.

== பணக்கணக்கில் அடங்காதவை ==

=== துரு ===

எஞ்சினும் கியர்பெட்டியும் மாற்றக்கூடியவை. டிரக்கின் பாரத்தைத் தாங்கும் அடிச்சட்டம் துருப்பிடித்து வலுவிழந்தால், சீர்செய்வது பெரும்பாலும் பொருளாதாரத்துக்கு ஒவ்வாததாகிறது. மிச்சிகன், ஒகைய்யோ, நியூ யார்க் போன்ற மாநிலங்களில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலைகளில் உப்பு தூவப்படுவதால் அடிச்சட்டம் விரைவில் அரிக்கப்படுகிறது. அரிசோனா போன்ற வறண்ட மாநிலங்களில் இச்சிக்கல் மிகக் குறைவு. டொயோட்டா நிறுவனம் சில ஆண்டுகளின் டகோமா, டுண்ட்ரா, செகோயா வண்டிகளின் அடிச்சட்டத் துரு தொடர்பான கூட்டு வழக்கில், 340 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்ட இணக்கத்துக்கு 2016 ஆம் ஆண்டில் உடன்பட்டது. ஒரு பழைய டிரக்குக்குப் பெருந்தொகை செலவிடுவதற்கு முன், அதைத் தூக்கி நிறுத்தி அடிச்சட்டத்தை ஆராய்வது இன்றியமையாதது. எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், அடிச்சட்டம் உளுத்திருந்தால் மேலுள்ள கணக்கு செல்லாது.

=== பாதுகாப்பு ===

உயரமான அமைப்பின் காரணமாக டிரக்குகள் வளைவுகளில் கவிழும் இயல்பு மகிழுந்துகளை விட மிகுதி. சறுக்கும் வண்டியின் சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் செய்து நேர்ப்படுத்தும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, 2012 மாதிரி ஆண்டு முதல் அமெரிக்காவில் எல்லா இலகு ரக வண்டிகளிலும் கட்டாயமானது. பின்பார்வைக் கேமரா 2018 மே முதல் கட்டாயமானது. இவை இல்லாத பழைய வண்டியில் இவற்றைப் பின்னர் சேர்ப்பது ஒரே அளவில் எளிதன்று. கேமராவைத் தனியே வாங்கிப் பொருத்தலாம், நிலைப்புக் கட்டுப்பாட்டை அவ்வாறு பொருத்த இயலாது. புதிதாக ஓட்டக் கற்கும் இளையோர் உள்ள வீட்டில் இவ்வேறுபாடு பணத்தை விட மேலானதாகக் கருதப்படலாம்.

அதே வேளையில், புதியதெல்லாம் எல்லோருக்கும் பாதுகாப்பானது என்று கொள்வதற்கில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 40 அங்குலத்துக்கு மேற்பட்ட முகப்பு உயரம் கொண்ட வண்டிகள் பாதசாரிகள் மீது மோதும்போது உயிரிழப்பு நேரும் வாய்ப்பு, 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமும் சரிவான முகப்பும் கொண்ட வண்டிகளை விட ஏறத்தாழ 45 விழுக்காடு மிகுதியாக இருந்தது.

=== பயன்பாட்டுப் பொருத்தம் ===

பழைய டிரக்குகள் பலவற்றில் இருவர் அல்லது மூவர் அமரும் அறையும் 8 அடி நீளச் சரக்குத் தளமும் இருந்தன. இன்று பரவலாக விற்கும் வகைகளில் நான்கு கதவுகளும், ஏறத்தாழ ஐந்தரை அடி நீளச் சரக்குத் தளமும் உள்ளன. கட்டடப் பணியில் பயன்படும் ஒட்டுப்பலகை 4 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்டது. பழைய தளத்தில் அது முழுதாகப் படுக்கும். புதியதில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மாறாக, இரு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குப் பின்னிருக்கை இல்லாத டிரக் பயன்படாது.

== மாற்று விற்பனை நடைபெறும் முறை ==

மாற்று விற்பனையில் புதிய வண்டியின் விலை, பழைய வண்டியின் மதிப்பு, வட்டி வீதம், தவணைக் காலம் ஆகிய நான்கு எண்கள் ஒரே பேச்சில் கலக்கின்றன. ஒன்றில் விட்டுக்கொடுத்ததை மற்றொன்றில் மீட்டுக்கொள்ள முகவரால் இயலும். பழைய வண்டிக்கு 2,000 டாலர் கூடுதலாகத் தந்துவிட்டு, புதிய வண்டிக்குத் தரவிருந்த 2,000 டாலர் தள்ளுபடியை நிறுத்திக்கொண்டால் வாங்குபவருக்கு ஆதாயம் ஏதுமில்லை. இதனால் நான்கையும் தனித்தனியே பேசி முடிப்பது பரிந்துரைக்கப்படுகிறது.

மாதத் தவணையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் இத்தகைய குழப்பத்துக்கு இடந்தரும். 40,000 டாலர் கடனை 7 விழுக்காடு வட்டியில் 60 மாதங்களில் அடைத்தால் தவணை ஏறத்தாழ 792 டாலர். மொத்த வட்டி ஏறத்தாழ 7,500 டாலர். காலத்தை 84 மாதங்களாக நீட்டினால் தவணை 604 டாலராகக் குறையும். வட்டியோ 10,700 டாலராக உயரும்.

வண்டியின் மதிப்பை விட அதன் மீதுள்ள கடன் மிகுந்திருக்கும் நிலை மேலும் இடர் மிக்கது. 18,000 டாலர் கடன் எஞ்சியுள்ள டிரக்கின் மதிப்பு 13,000 டாலர் என்றால், முகவர் பழைய கடனை அடைத்துவிட்டு 5,000 டாலர் குறையைப் புதிய கடனில் சேர்ப்பதுண்டு. வாங்குபவர் தம்மிடம் இல்லாத வண்டிக்கும் சேர்த்து வட்டி கட்டுகிறார். அடுத்த முறை மாற்றும்போது இக்குறை இன்னும் பெருகக்கூடும்.

பழைய வண்டியை நேரடியாக வேறொருவருக்கு விற்றால் பெரும்பாலும் கூடுதல் விலை கிடைக்கும். ஆனால் விளம்பரம், பேரம், ஆவண மாற்றம் ஆகியவற்றை உரிமையாளரே மேற்கொள்ள வேண்டும். மேலும் வரிச்சலுகை கைநழுவும். 12,000 டாலர் மதிப்புள்ள வண்டியை 6 விழுக்காடு வரிச்சலுகை உள்ள மாநிலத்தில் முகவரிடம் கொடுத்தால் 720 டாலர் வரி மிச்சமாகும். ஆகவே வெளியில் 12,720 டாலருக்கு மேல் விற்றால்தான் நேரடி விற்பனை ஆதாயமாகும்.

== அரசின் மாற்றுத் திட்டம், 2009 ==

பொருளாதார நெருக்கடிக் காலத்தில், பழைய வண்டிகளை மாற்ற அமெரிக்க அரசே ஊக்கத்தொகை வழங்கியது. 2009 சூலை முதல் ஆகத்து 24 வரை நடைபெற்ற இத்திட்டத்தில், தகுதியுள்ள வண்டியைக் கொடுத்துக் கூடுதல் எரிபொருள் சிக்கனமுள்ள புதிய வண்டியை வாங்கியோருக்கு 3,500 அல்லது 4,500 டாலர் கழிவு கிடைத்தது. முதலில் ஒதுக்கிய 100 கோடி டாலர் விரைவில் தீர்ந்துபோகவே, மேலும் 200 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 6.8 இலட்சம் வண்டிகள் மாற்றப்பட்டன. பெரிய பிக்கப் டிரக்குகளுக்குக் கேலனுக்கு 1 மைல் உயர்வே 3,500 டாலர் பெறப் போதுமானதாக இருந்தது.

பெறப்பட்ட வண்டிகள் மீண்டும் சாலைக்கு வராதவாறு, எஞ்சினில் சோடியம் சிலிக்கேட்டுக் கரைசல் ஊற்றி இயக்கி அவை அழிக்கப்பட்டன. எப்படியும் சில மாதங்களில் நடந்திருக்கக்கூடிய விற்பனைகளையே இத்திட்டம் பெரிதும் முன்கூட்டி நிகழ்த்தியது என்று பிற்காலப் பொருளியல் ஆய்வுகள் சுட்டின. தனிமனிதர் நோக்கில், 1,000 டாலர் மதிப்புள்ள டிரக்குக்கு 4,500 டாலர் கிடைத்தது உண்மையான ஆதாயமே. ஆயினும் புதிய கடனைச் சுமக்க இயன்றவர்களே அதைப் பெற முடிந்தது.

== சந்தை நிலையின் தாக்கம் ==

2021 ஆம் ஆண்டில் ஏற்பட்ட குறைகடத்திச் சில்லுத் தட்டுப்பாட்டால் புதிய வண்டிகளின் உற்பத்தி குறைந்தது. பயன்படுத்திய வண்டிகளின் விலை ஏறியது. 2022 சனவரியில் அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டில் இவற்றின் விலை முந்தைய ஆண்டை விட ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்ந்திருந்தது. பழைய டிரக்குக்கு எதிர்பாராத விலை கிடைத்தும், அதைக் கொண்டு வாங்க வேண்டிய வண்டியும் அதே அளவு விலை ஏறியிருந்தது. கூடுதல் வண்டி வைத்திருந்து, ஒன்றை விற்றுவிட்டு மற்றொன்றை வாங்காமல் இருந்தவர்களுக்கே அவ்விலையேற்றம் முழுப் பயன் தந்தது. உயர்ந்த விலைக்குக் கடனில் வாங்கியோர், பின்னர் விலை இறங்கியபோது மதிப்பை மிஞ்சிய கடனுடன் நிற்கும் நிலைக்கு உள்ளாயினர்.

== முடிவைத் தீர்மானிக்கும் காரணிகள் ==

அடிச்சட்டம் உறுதியாக இருந்து, பழுது ஓர் உறுப்போடு நின்று, வண்டி நிற்கும் நாட்களால் வருவாய் பாதிக்கப்படாத நிலையில், பழைய டிரக்கைச் சீர்செய்து ஓட்டுவதே பெரும்பாலும் குறைந்த செலவாகும். அடிச்சட்டம் உளுத்தபோதும், வேலை வண்டியை முழுதும் நம்பியிருக்கும்போதும், குடும்பத்தின் பாதுகாப்புத் தேவைகள் மாறியபோதும் மாற்றுவது பொருத்தமாகலாம். இரண்டுக்கும் இடையில், சில ஆண்டுகள் ஓடிய வண்டியை வாங்குதல் மூன்றாவது வழியாக அமைகிறது. தொடக்கத் தேய்மானத்தின் பெரும்பகுதியை முதல் உரிமையாளர் ஏற்றுவிடுவதே இதற்குக் காரணம்.

புதிய வண்டியின் மீதுள்ள விருப்பமும் ஒரு காரணியே. எடுத்துக்காட்டுக் கணக்கின்படி அவ்விருப்பத்தின் விலை மாதத்துக்கு ஏறத்தாழ 294 டாலர். அத்தொகையை அறிந்து செலுத்துவோருக்கு அது ஒரு தெரிவு. பழுதுச் செலவுக்கு அஞ்சிப் பணத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி வாங்குவோருக்கோ, அதே தொகை அவர்கள் அறியாமல் கூடும் செலவாகிறது.